சீன அனிமேஷன் படங்களில் குழந்தைகள்: யார் யாருக்குக் கடன்பட்டவர்?

கண்ணைச் சுற்றிக் கருவளையம். சுறாமீனுக்கு இருப்பதுபோல் கூரான பற்கள். கால்சட்டைக்குள் செருகிய கைகள். யாரைப் பார்த்தாலும் ஒரு முறைப்பு. 2025 ஜனவரி 29 அன்று, சீனப் புத்தாண்டு நாளில் வெளியான 'நேஜா 2' படத்தின் நாயகன் இவன்தான். பார்வைக்கு மூன்று வயதுக் குழந்தை. அந்தப் படம் 1,500 கோடி யுவானுக்கு மேல் வசூலித்து, உலகில் அதிகம் வசூலித்த அனிமேஷன் படம் என்ற இடத்தைப் பிடித்தது.

இப்படி ஒரு முரட்டுக் குழந்தையை ஒரு நாடே தூக்கிவைத்துக் கொண்டாடியது ஏன்? இதற்குப் பதில் தேடிப் போனால், சீனாவில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவு சுமார் அரை நூற்றாண்டில் எப்படி மாறியது என்ற பெரிய கதை கிடைக்கும். சீன அனிமேஷன் படம் எதையும் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சில படங்களின் முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். மற்ற படங்களில் ஒரு நிஜக் குழந்தை நடிக்கிறது. அந்தக் குழந்தையின் முகமும் குறும்பும் இயக்குநர் நினைத்ததை மீறிப் படத்துக்குள் வந்துவிடும். அனிமேஷனில் அப்படி எதுவும் தானாக வராது. பல்லின் வடிவம், நடக்கும் விதம், அழும்போது உதடு பிதுங்குவது வரை எல்லாமே யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து எடுத்த முடிவு. அதனால் அனிமேஷன் படத்தில் வரும் குழந்தையைப் பார்த்தால், அந்தக் காலத்துப் பெரியவர்கள் குழந்தைகளைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துவிடும். 'சித்திரிப்பு' என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான். படம் பார்க்கும்போது சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். இந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஏதாவது தப்பு நடந்தால் பழி யார்மேல் விழுகிறது? யாருக்காக யார் எதை இழக்கிறார்கள்? கடைசிக் கேள்விதான் சீனப் படங்களில் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். மற்ற இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

1979: கடனைத் திருப்பிக் கொடுத்த பிள்ளை

ஷாங்காய் அனிமேஷன் ஃபிலிம் ஸ்டுடியோ 1957-இல் தனி நிறுவனமானது. பல பத்தாண்டுகள் சீனக் குழந்தைகள் பார்த்த முக்கியமான படங்கள் இந்த அரசு ஸ்டுடியோவில் உருவானவை. 1960-இல் அவர்கள் எடுத்த குறும்படம் ஒன்றில் தலைப்பிரட்டைகள் அம்மாவைத் தேடி அலைகின்றன. மையும் தூரிகையும் கொண்டு வரையும் சீன ஓவியத்தை அப்படியே அசையவைத்த முன்னோடிப் படம் அது. வழியில் பார்க்கிற ஒவ்வொரு உயிரையும் அம்மா என்று நினைத்து ஏமாந்து, கடைசியில் தவளையைக் கண்டுகொள்கின்றன. 1963-இல் வந்த இன்னொரு படத்தில் எருமை மேய்க்கும் சிறுவன் ஒருவன் தூங்கிப்போகிறான். எருமை தொலைந்துவிட்டதாகக் கனவு வருகிறது. புல்லாங்குழல் ஊதி அதைத் திரும்ப அழைக்கிறான். இந்தப் படங்களில் உலகம் குழந்தைக்கு இசைவாக இருக்கிறது. தொலைந்தது கிடைத்துவிடும்.

1979-இல் வந்த 'நேஜா கடலைக் கலக்கினான்' படம் வேறு ரகம். கலாச்சாரப் புரட்சியின் பத்தாண்டு முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். சீனாவின் முதல் அகலத்திரை முழுநீள அனிமேஷன் படம் அது. 1980 கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. கதைக்கு மூலம், மிங் அரச காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஒரு பெரிய புராண நாவல். கோட்டைத் தளபதி லி ஜிங்குக்கு, மூன்றரை ஆண்டு கர்ப்பத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை பிறக்கிறது. அதுதான் நேஜா. கடல் அரசனான டிராகன் ஊர்க் குழந்தைகளைப் பலி கேட்கிறான். அதைத் தடுக்கப்போன நேஜா டிராகன் இளவரசனைக் கொன்றுவிடுகிறான். நான்கு கடல் அரசர்களும் சேர்ந்து ஊரை வெள்ளத்தில் மூழ்கடிக்க வருகிறார்கள். பிள்ளையை ஒப்படைத்தால் ஊர் தப்பும்.

அடுத்து வரும் காட்சியை அந்தத் தலைமுறைச் சீனர்கள் எளிதில் மறப்பதில்லை. கொட்டும் மழையில் அந்தச் சிறுவன் அப்பாவின் வாளை எடுத்துக்கொள்கிறான். நீங்கள் கொடுத்த சதையையும் எலும்பையும் உங்களுக்கே திருப்பித் தருகிறேன், இனி என்னால் உங்களுக்குத் தொல்லை இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். பிறகு குருவின் அருளால் தாமரை உடம்போடு மறுபடி பிறந்து டிராகன்களை வெல்கிறான்.

உடம்பு பெற்றோர் கொடுத்தது, அதைக் காப்பதே பிள்ளையின் முதல் கடமை என்பது கன்ஃபூசிய மரபில் ஊறிய எண்ணம். அந்த மரபில் நேஜா செய்தது நடுங்கவைக்கும் செயல். பெற்றோருக்குப் பட்ட கடனை முழுதாக அடைத்துவிட்டு, அதன்மூலம் அவர்களிடமிருந்து விடுதலை வாங்கிக்கொள்கிறான். ஆனால் விலை கொடுப்பவன் குழந்தை. அப்பா மண்டியிட்டு அழுவதோடு அவருடைய பங்கு முடிகிறது.

நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு கிளைச் செய்தி உண்டு. நேஜா சீன மண்ணில் முளைத்த கடவுள் அல்ல. பௌத்த நூல்கள் வழியாக இந்தியாவிலிருந்து போனவன். குபேரனின் மகன் நளகூபரன்தான் அங்கே நேஜா ஆனான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உரலில் கட்டப்பட்ட கண்ணன் இரண்டு மருத மரங்களைச் சாய்த்துச் சாபவிமோசனம் கொடுத்தானே, அதில் ஒருவன் நளகூபரன். லி ஜிங்கின் உருவத்துக்குப் பின்னால் இருப்பதும் வைசிரவணன் என்கிற குபேரன்தான்.

2015: கேள்வி கேட்டுக்கொண்டே வரும் சிறுவன்

ஸ்டுடியோவின் பொற்காலம் முடிந்த பிறகு பல ஆண்டுகள் சீனத் திரையரங்குகளில் ஹாலிவுட் அனிமேஷனும், சின்னக் குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து கிளைத்த படங்களும் நிறைந்திருந்தன. அந்த நிலையை மாற்றியது தியென் ஷியாவ்பெங் இயக்கிய 'குரங்கரசன்: நாயகன் திரும்பினான்'. சுன் வூகோங் என்ற குரங்கரசனின் பழைய கதைதான். ஆனால் அவனோடு ஒரு சிறுவனைச் சேர்த்துவிட்டார்கள். பெயர் லியூயர். பெற்றோரை இழந்து, ஆற்றில் மிதந்து வந்து, ஒரு கிழத் துறவியிடம் வளர்கிறான். மலைப் பூதங்கள் ஊர்க் குழந்தைகளைக் கடத்திக்கொண்டு போகின்றன. தப்பிய ஒரு கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு லியூயர் ஓடுகிறான். வழியில், 500 ஆண்டாக மலைக்கடியில் கிடந்த குரங்கரசனை அறியாமல் விடுவித்துவிடுகிறான்.

விடுதலையானவன் வீரனாக வரவில்லை. சக்தி கட்டப்பட்டிருக்கிறது, மனம் சோர்ந்திருக்கிறது, தொந்தரவு இல்லாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நடக்கிறான். பின்னாலேயே லியூயர் வாய் ஓயாமல் கேள்வி கேட்டபடி வருகிறான். அந்தப் பேச்சு எரிச்சலூட்டும், கொஞ்ச நேரம் கழித்து அதே பேச்சு நம்மைக் கரைத்துவிடும். தான் யார் என்பதையே மறந்துபோன பெரியவனுக்கு, அவன் யாராக இருக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்துகிற வேலை குழந்தைக்கு. லியூயர் பாறைகளுக்கடியில் புதைந்துபோகும்போதுதான் குரங்கரசனின் கட்டு அறுகிறது.

இந்தப் படத்தின் பணக் கணக்கிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். கையில் பணம் தீர்ந்துபோன நேரத்தில் 89 பேர் சேர்ந்து சுமார் 78 லட்சம் யுவான் போட்டார்கள். அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகள் பெயரில் போட்டார்கள். படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் வருகின்றன. படம் 95 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. சீன அனிமேஷனுக்குத் திரையரங்கில் இவ்வளவு பெரிய கூட்டம் உண்டு என்று எல்லாருக்கும் தெரிந்தது அப்போதுதான்.

நேஜா திரும்பி வந்தபோது

2019 ஜூலையில் ஜியாவ்ஸி என்ற இயக்குநரின் 'நேஜா' வந்தது. 500 கோடி யுவான் வசூல். 1979 படத்தின் அதே ஊர், அதே அப்பா, அதே டிராகன். கடன் மட்டும் தலைகீழ்.

இந்தக் கதையில் நேஜா பிறக்கும்போதே பழியோடு பிறக்கிறான். ஒரு தெய்வ மணியும் ஒரு அசுர மணியும் இருக்கின்றன. தெய்வ மணியாகப் பிறந்திருக்க வேண்டியவன், நடந்த சூழ்ச்சியால் அசுர மணியாகப் பிறந்துவிடுகிறான். மூன்று வயதில் வானத்து இடி அவனை அழித்துவிடும் என்பது விதி. ஊர் அவனைக் கண்டு பயந்து ஒதுங்குகிறது. கடற்கரையில் ஒரு சிறுமியை அரக்கனிடமிருந்து காப்பாற்றினால், அவளை இவன்தான் கடத்தினான் என்று ஊரே திரண்டு வருகிறது. நீங்கள் என்னை அசுரன் என்று சொன்னால் நான் அசுரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்ற பிடிவாதம் அவனுக்குள் வளர்கிறது. கெட்டிக்காரத்தனமான குறும்புகளும், அவனே கட்டிப் பாடும் கிறுக்குப் பாட்டுகளும் அந்தத் தனிமையின் மறுபக்கம்.

அவன் முகத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்குச் சுவரில் ஒட்டும் படங்களில் ஒரு குழந்தை வரும். கொழுகொழுவென்று, சிவப்பு மார்த்துணி கட்டி, கையில் கெண்டை மீனோ தாமரையோ பிடித்தபடி. வளமும் அதிர்ஷ்டமும் வீட்டுக்கு வரட்டும் என்பதன் சின்னம். 1979 நேஜா பெருமளவு அந்தச் சாயலில் வரையப்பட்ட அழகுப் பிள்ளை. 2019 நேஜாவை வேண்டுமென்றே விகாரமாக வரைந்திருக்கிறார்கள். சுவரில் மாட்ட முடியாத குழந்தை. பிறகு இரண்டு மணி நேரத்தில் அவனை நேசிக்கவைத்துவிடுகிறார்கள். பார்க்கிற நம்மையே முதலில் அந்த ஊர்க்காரர்களின் இடத்தில் நிறுத்தி, பிறகு வெட்கப்படவைக்கிற உத்தி இது. படத்தின் பெரிய சாதனை இதுதான் என்பேன்.

பெற்றோர் எப்படி மாறியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய அம்மா நிழலாக வந்துபோனவர். இந்த அம்மா போர்க்கவசம் அணிந்த வீராங்கனை. அப்பாவோடு சேர்ந்து எல்லையில் அசுரர்களை விரட்டும் வேலை ஓய்வதே இல்லை. கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பிள்ளையோடு இறகுப் பந்தைக் காலால் தட்டி விளையாடுகிறாள். அவன் உதைக்கும் வேகத்தில் தூக்கியெறியப்படுகிறாள். கவசம் நசுங்கினாலும் சிரித்துக்கொண்டே எழுகிறாள். வேலைக்குப் போகும் பெற்றோர் எவரும் இந்தக் காட்சியில் தங்களைப் பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. நேரம் இல்லை, அன்பு இருக்கிறது, பிள்ளைக்கோ நேரம்தான் வேண்டும்.

கூடவே அவர்கள் பிள்ளையிடம் ஒரு பொய்யும் சொல்கிறார்கள். நீ தெய்வ மணியின் பிறவி, அசுரர்களை அழிக்கப் பிறந்தவன் என்கிறார்கள். அவன் மனம் உடையக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். உண்மை மூன்றாவது பிறந்த நாள் விருந்தில், எதிரியின் வாயால் வெளியே வருகிறது. விளைவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு மறைத்தாலும் பிள்ளைக்கு அது துரோகமாகத்தான் படும் என்று ஒரு குடும்பப் படம் நேரடியாகக் காட்டியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்புறம்தான் இன்னொரு உண்மை தெரிகிறது. கண்டிப்பாகவே நடந்துகொண்ட அப்பா, மகனுக்கு விழ வேண்டிய இடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ள ஒரு மந்திரத் தகடு வாங்கி வைத்திருக்கிறார். மகன் அதை ஏற்க மறுக்கிறான். என் விதியை நானே பார்த்துக்கொள்கிறேன், வானம் தீர்மானிக்கத் தேவையில்லை என்ற அர்த்தத்தில் அவன் சொல்லும் வசனம் சீனா முழுக்கப் பரவியது.

1979-இல் ஊருக்காகவும் பெற்றோருக்காகவும் பிள்ளை செத்தான். 2019-இல் பிள்ளைக்காகச் சாக அப்பா தயாராகிறார். நாற்பது ஆண்டு இடைவெளியில், ஒரே கதைக்குள், கடன்காரர் மாறிவிட்டார்.

எதிர்முனையில் இருக்கும் டிராகன் இளவரசன் ஆவ் பிங்கை மறந்துவிடக் கூடாது. அழகன், அடக்கமானவன், படிப்பாளி. தெய்வ மணி இவனுக்குத்தான் வந்து சேர்ந்தது. கடலுக்கடியில் சிறைவைக்கப்பட்ட டிராகன் குலம் முழுவதும் தங்கள் உடம்பின் மிக உறுதியான செதிலைப் பிய்த்து, அவனுக்கு ஒரு கவசம் செய்து போட்டிருக்கிறது. குலத்தையே அவன் மீட்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு செதிலும் ஒரு உறவினரின் வலி. அதை மாட்டிக்கொண்டு ஒரு சிறுவன் எப்படி முடியாது என்று சொல்வான்? நேஜாவிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆவ் பிங்கிடம் எல்லாரும் எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறார்கள். இரண்டு பேரும் கடற்கரையில் இறகுப் பந்து விளையாடும் சில நிமிடங்கள்தான் அவர்கள் குழந்தைகளாக இருக்கும் நேரம்.

இரண்டாம் படம் இதே தடத்தில் இன்னும் தூரம் போகிறது. மருந்து காய்ச்சும் பெரிய கொப்பரைக்குள் அம்மாவும் மகனும் அடைபடுகிறார்கள். சாபத்தால் மகன் உடம்பெங்கும் முட்கள். அவை தன்மேல் ஏறுவதைப் பொருட்படுத்தாமல் அம்மா அவனை அணைத்துக்கொள்கிறாள். நீ தேவனா அசுரனா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை, என் பிள்ளை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்கிற பொருளில் பேசுகிறாள், உயிரை விடுகிறாள். டிராகன் அரசனோ, தன் அனுபவத்தில் கற்றது எல்லாம் சரியாக இருக்க வேண்டியதில்லை, இனி உன் வழியை நீயே தேடிக்கொள் என்று மகனுக்கு விடைகொடுக்கிறான். அனுபவம் சொல்வதைக் கேள் என்பதே மூத்தவர்களின் முதல் வாக்கியமாக இருக்கும் ஒரு சமூகத்தில், ஒரு அரசனே இப்படி இறங்கிவந்து பேசுவது சாதாரண விஷயம் இல்லை.

ஏன் இந்த மாற்றம்

1980-இல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த ஒரு பிள்ளைத் திட்டம் 2015 முடியும்வரை நீடித்தது. அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி என்று ஆறு பெரியவர்களின் ஆசையும் பயமும் ஒரே பிள்ளைமேல் இறங்கின. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போகும் 'குட்டிச் சக்கரவர்த்திகள்' என்று அந்தப் பிள்ளைகளைப் பத்திரிகைகள் திட்டின. அவர்கள் தலையில் ஏற்றப்பட்ட சுமையைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. பள்ளி முடிவில் வரும் கல்லூரி நுழைவுத் தேர்வு ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானிப்பதாக நினைக்கப்பட்டது. அழுத்தம் எந்த அளவுக்கு முற்றியது என்றால், 2021 ஜூலையில் அரசே தலையிட்டுப் பள்ளி வீட்டுப்பாடத்துக்கும் டியூஷனுக்கும் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆவ் பிங்கின் கவசத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால் அது வெறும் மாயக் கவசமாகத் தெரியாது.

ஜியாவ்ஸி பிறந்தது 1980-இல். மருந்தியல் படித்தவர். அதை விட்டுவிட்டு அனிமேஷனுக்கு வந்து, வீட்டில் உட்கார்ந்து மூன்றரை ஆண்டு உழைத்து ஒரு குறும்படம் எடுத்தார். அந்தக் காலம் முழுக்கக் குடும்பம் ஓடியது அவருடைய அம்மாவின் சிறிய ஓய்வூதியத்தில். ஊர் என்ன சொன்னாலும் பிள்ளையை நம்புகிற அம்மா எங்கிருந்து படத்துக்குள் வந்தாள் என்று ஊகிப்பது கஷ்டம் இல்லை.

பெற்றோர் ஊரில் இல்லாத பிள்ளைகள்

புராணப் படங்களில் பெற்றோர் கூடவே இருக்கிறார்கள். கிராமத்து நிஜம் வேறு. நகரத்துத் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் போன பெற்றோர், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. ஊர்விட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு நகரத்துப் பள்ளியில் இடம் கிடைப்பதை, ஒருவரின் உரிமைகளைச் சொந்த ஊரோடு கட்டிப்போடும் குடும்பப் பதிவு முறை கடினமாக்கியது ஒரு முக்கியக் காரணம். 2013-இல் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை இப்படி விடப்பட்ட கிராமத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையை 6.1 கோடி என்று கணக்கிட்டது.

இவர்களில் ஒருவனைத் திரைக்குக் கொண்டுவந்த படம், சுன் ஹாய்பெங் இயக்கி 2021 டிசம்பரில் வந்த 'சிங்க ஆட்டச் சிறுவன்'. குவாங்தோங் மாகாணத்துக் கிராமத்தில் தாத்தாவோடு வாழும் அஜுவான், ஒல்லியான, எல்லாரும் சீண்டுகிற பையன். சிங்க வேடம் போட்டு ஆடும் சிங்க ஆட்டத்தைக் கற்றுப் போட்டியில் ஜெயித்தால் குவாங்சௌ நகரில் இருக்கும் பெற்றோர் வந்து பார்ப்பார்கள் என்று நினைக்கிறான். வேலையிடத்து விபத்தில் அப்பா நினைவிழந்து ஊருக்குத் திரும்புகிறார். பையன் சிங்கத் தலையையும் சுமந்துகொண்டு, அப்பா போன அதே நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறான்.

இந்தப் படத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. காரணம் அதன் முடிவு. போட்டியில் யாராலும் எட்ட முடியாத ஒரு தூண் இருக்கிறது. அஜுவான் அதை நோக்கிப் பாய்வதைப் பார்த்து அரங்கம் எழுந்து நிற்கும். மற்ற படமாக இருந்தால் அத்தோடு முடிந்து வாழ்க்கை மாறிவிடும். இங்கே அடுத்த காட்சியில் அவன் ஷாங்காயில் தொழிலாளிகள் நெருக்கியடித்துத் தூங்கும் அறையில் இருக்கிறான், சுவரில் சிங்கத் தலை மாட்டியிருக்கிறது. கண்களைச் சிறியதாக வரைந்து சீனர்களை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று வெளியான நேரத்தில் இணையத்தில் சண்டை நடந்தது. அந்தச் சத்தத்தில் படம் சொன்ன விஷயம் அமுங்கிப்போனது வருத்தம்தான்.

சிரித்துக்கொண்டே இருக்கச் சொன்ன வீடு

தியென் ஷியாவ்பெங்கின் அடுத்த படம் 'ஆழ்கடல்', 2023 சீனப் புத்தாண்டு நாளில் வந்தது. கோடிக்கணக்கான வண்ணத் துகள்களை மை ஓவியம்போல் வழியவிடும் புது உத்தியைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். திரை முழுக்கக் கண்ணைப் பறிக்கும் நிறம். நாயகி ஷென்ஷியு என்ற சிறுமி. அம்மா விட்டுப் போய்விட்டாள். அப்பாவுக்கு இப்போது வேறு மனைவி, கைக்குழந்தையாக ஒரு மகன். யாரும் அவளை அடிப்பதில்லை, திட்டுவதில்லை. கவனிப்பதில்லை, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டபடியும், மற்றவர் முகம் சுளிக்காதபடி வலிந்து சிரித்தபடியும் வாழப் பழகியிருக்கிறாள். குடும்பத்தோடு கப்பல் பயணம் போகும்போது, தன் பிறந்த நாள் இரவில் கடலில் விழுகிறாள்.

கண் விழித்தால் விசித்திரமான ஒரு கடலடி உணவகம். அதன் முதலாளி நான்ஹே பணத்தாசை பிடித்தவன், வாயாடி. கூத்தும் கும்மாளமுமாகப் போகிறது கதை. அவ்வப்போது கறுப்பும் சிவப்புமாக ஒரு பூதம் அவளைத் துரத்துகிறது. இந்த வண்ண உலகம் எதனால் ஆனது என்பது கடைசியில் தெரிகிறது. கப்பலில் வேலை பார்த்த ஒருவன் அவளைக் காப்பாற்றக் கடலில் குதித்திருக்கிறான். குளிர்ந்த நீரில் அவள் தூங்கிவிடாமல் இருக்கப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். அந்தப் பேச்சிலிருந்து அவள் மனம் கட்டிக்கொண்டதுதான் உணவகம். அவள் பிழைக்கிறாள், அவன் பிழைக்கவில்லை.

குழந்தைக்கு மன அழுத்த நோய் வரும் என்பதைச் சீனாவின் பெரிய அனிமேஷன் படம் ஒன்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது துணிச்சல். நேஜாவின் வலி கோபமாக வெளியே வருகிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். ஷென்ஷியுவின் வலி புன்னகையாக இருக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை. நிறங்கள் அதிகம், கதை குழம்புகிறது என்று விமர்சித்தவர்கள் உண்டு. அந்தக் குழப்பம் அவள் மனத்தின் குழப்பம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அவளுக்காக உயிர் கொடுப்பவன் ஒரு அந்நியன். பெற்றோர் மருத்துவமனைப் படுக்கையருகே அழுகிறார்கள், அதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பெற்றோர் ஒருமுறை அழுதுவிட்டால், ஒருமுறை உயிரைப் பணயம் வைத்துவிட்டால், பிள்ளை எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்று இந்தப் படங்களில் பல எதிர்பார்க்கின்றன. அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிற பெற்றோரைக் காட்டுவதில் இவர்களுக்குப் பயிற்சி போதவில்லை. அம்மாக்கள் சாகிறார்கள், அல்லது விட்டுப் போகிறார்கள். உயிரோடு வீட்டில் இருந்து, தப்பு செய்து, திருத்திக்கொள்ளும் அம்மா அரிது.

பெண் குழந்தைகளும் குறைவு. ஷென்ஷியுவைத் தவிர, 2016-இல் வந்த 'பெரிய மீனும் பெகோனியாவும்' படத்தின் ச்சுன் நினைவுக்கு வருகிறாள். தன்னைக் காப்பாற்றப்போய் இறந்த மனிதப் பையனை உயிர்ப்பிக்கத் தன் ஆயுளில் பாதியைக் கொடுக்கும் பதினாறு வயதுப் பெண். 2020-இல் வந்த 'ஜியாங் ஸியா' படத்தில், நரிச் சூனியக்காரியைக் கொல்ல வாளை ஓங்கிய முனிவர் அவளுக்குள் ஒரு அப்பாவிச் சிறுமியின் ஆன்மாவைப் பார்த்துத் தயங்குகிறார். எல்லாரையும் காப்பாற்ற ஒரு சிறுமி போனால் என்ன என்று மேலுலகம் கேட்கிறது. 1979-இல் நேஜாவிடம் ஊரும் கடல் அரசர்களும் கேட்ட அதே கேள்வி. இந்த முறை பெரியவர் ஒருவர் முடியாது என்று சொல்கிறார்.

எதிலிருந்து தொடங்கலாம்

சீனாவில் திரைப்படங்களுக்கு வயதுச் சான்றிதழ் முறை கிடையாது. அனிமேஷன் என்றால் குடும்பத்தோடு பார்ப்பது என்று எல்லாரும் போய்விடுவார்கள். அதனால் போஸ்டரைப் பார்த்து எந்த வயதுக்கு ஏற்ற படம் என்று முடிவெடுக்க முடியாது.

சின்னப் பிள்ளைகளோடு பார்க்க 2019-இல் வந்த 'லோ ஷியாவ்ஹெய்' நல்ல தொடக்கம். காடு அழிந்து வீடிழந்த ஒரு பூனைக் குட்டி ஆவி, குழந்தை உருவில், இரண்டு பெரியவர்களில் யாரை நம்புவது என்று தேடும் கதை. எளிய கோடுகளால் வரையப்பட்டது, சண்டைகூட அழகாக இருக்கும். அடுத்தது 'குரங்கரசன்'. பள்ளிக்குப் போகும் வயது என்றால் இரண்டு 'நேஜா' படங்கள். இரண்டாவதில் கொப்பரைக் காட்சிக்குச் சிறு பிள்ளைகள் அழக்கூடும். பெரியவர்களுக்கு என் பரிந்துரை, 1979 படத்தை முதலில் பார்த்துவிட்டு, அதே வாரத்தில் 2019 படத்தைப் பார்ப்பது. மழையில் நிற்கும் சிறுவனைப் பார்த்த பிறகு, அப்பாவின் கையிலிருக்கும் அந்த மந்திரத் தகடு என்ன சொல்கிறது என்பது முழுதாகப் புரியும். 'ஆழ்கடல்' படத்தை மட்டும் பிள்ளைக்குக் காட்டும் முன் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். வீட்டில் பிரிவோ மறுமணமோ நடந்திருந்தால், படம் முடிந்ததும் பேச நேரம் ஒதுக்கி வையுங்கள்.